ஈறு வைத்த மீட்டர்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்டார். நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டில், முன்னறையையே பட்டறையாக்கி, மூன்று பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறார். படியேறும்போது ஜன்னல் வழியே பார்த்தால் மேஜைமேல் பத்துப் பன்னிரண்டு வாய்கள் முகமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் அதிகம் சிரிப்பதில்லை. இருக்கிற சிரிப்பெல்லாம் தொழிலுக்குப் போய்விடுகிறது.

அவருடைய ஒரே ஆடம்பரம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, வயது அவரைவிட இரண்டு கூட. வாரம் பூராவும் துடைப்பார், மெழுகு போடுவார், அதன் முன்விளக்குகளைக் கண் டாக்டர் மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார். ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை. ஓடுவது அதன் இஷ்டம்.

ஓடாதபோது இறங்கித் தள்ளுவது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய், வாசலோரப் பள்ளத்துக்குள் குனிந்து, சேற்றைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. போன மாதம் ஒருநாள் புதுப்புடவையோடு நடுரோட்டில் காரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவருடைய மேலதிகாரி ஸ்கூட்டரை நிறுத்தி, "நானும் ஒரு கை கொடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா தீர்ப்பு சொன்னது மாடிவரை கேட்டது.

"இதோ பாருங்க. இனி ஒரே ஒரு தடவ நான் இறங்கித் தள்ளினேன்னா, வண்டி எங்க அண்ணன் கடைக்குப் போயிடும். அவ்ளோதான்."

அண்ணனுக்கு எங்கள் தெருமுனை ரவுண்டானாவில் ஃபர்னிச்சர் கடை. காரின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். ஓட்டுவதற்கு இல்லை. "கடை வாசல்ல நிறுத்தி, மேல மூணு பேர் உக்கார்ற சோபா ஒண்ண தூக்கி வெச்சேன்னு வைங்க மாப்ள, ஊரே நின்னு பாக்கும்!" என்பார். அன்றிலிருந்து பல்செட்டார் எந்த சோபாவைப் பார்த்தாலும் ஓர் அடி தள்ளியே நிற்பார்.

பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடுகிறது, அதுதான் பிரச்சினை. முன்கூட்டியே தெரிந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஆகவே ஓர் ஆம்பியர் மீட்டர் வாங்கிவந்தார். உள்ளங்கை அகல வட்டம், நடுவில் பூஜ்யம். பேட்டரிக்குள் மின்சாரம் ஏறினால் முள் ப்ளஸ் பக்கம் சாயும். பேட்டரியிலிருந்து இறங்கினால் மைனஸ் பக்கம் சாயும். குழந்தைக்கும் புரியும்.

சனிக்கிழமை மாட்டினார். டேஷ்போர்டு மரப்பலகையில் துளை போட்டது பல் ராவுகிற மெஷினால். தெருவே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட சத்தம் அது. துளை ஒரு நூல் பெரிதாகிவிட்டது. அதனாலென்ன, கைவசம் பல்செட்டுக்கு ஈறு கட்டுகிற ரோஸ் நிறக் கலவை இருக்கிறதே. இடைவெளியில் அப்பி, இறுகவிட்டு, பாலிஷும் போட்டார். கடைவாய்ப் பல் மாதிரி உட்கார்ந்துவிட்டது மீட்டர்.

"எப்படி இருக்கு தம்பி?"

"ஆரோக்கியமா இருக்கு சார்."

இனி ஒயர். பேட்டரியிலிருந்து வருகிற தடித்த ஒயரை வெட்டி, இரண்டு முனைகளையும் மீட்டரின் பின்னாலுள்ள இரண்டு திருகுகளில் மாட்ட வேண்டும். எது எதில் என்று கூடவந்த காகிதத்தில் படம் இருந்தது. பின்பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்த படம். அவரும் பின்பக்கம்தான், டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அப்படியே மாட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் பல் தொழிலில் எதிரே இருப்பவரின் வலது நமக்கு இடது. முப்பது வருடமாகப் படத்தில் இடது என்றால் அவர் கை தானாக வலதுக்குப் போகும். போயிற்று.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்ததும் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. அவர் முகமும் கூடவே சாய்ந்தது. ஏதோ நினைத்து முன்விளக்கைப் போட்டார். முள் நடுவுக்கு வந்தது. இன்ஜினை அணைத்தார், விளக்கு மட்டும் எரிந்தது. முள் நிமிர்ந்து ப்ளஸ் எட்டில் நின்றது.

"இன்ஜினே ஓடாம சார்ஜ் ஏறுது தம்பி!"

"அது... எங்கேருந்து சார் ஏறும்?"

"பழைய வண்டி தம்பி. அந்தக் காலத்து ஆளுங்க எதையும் வீணாக்க மாட்டாங்க."

அவர் வீட்டுக்குள் பார்த்து, "ஏம்மா, ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போயேன்!" என்று குரல் கொடுத்தார்.

"வாரம் பூரா மீட்டரதான் பாக்குறேன். லீவு நாள்லயாவது ஒரு மீட்டர என் கண்ணுல காட்டாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

மறுநாள் பல்செட்டாரின் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. அக்கா உடுத்திக்கொண்டு வருவதற்குள் நன்றாக ஏறட்டும் என்று, காலை வெயிலில் ஒரு மணி நேரம் முன்விளக்கை எரியவிட்டிருந்தார். கார் நாள்பட்ட சளிக்காரன் மாதிரி இருமி இருமித்தான் கிளம்பியது. நான் ரவுண்டானா சலூனில் நாற்காலியில் இருந்தேன். தலையில் பாதி முடிந்து பாதி பாக்கி. கண்ணாடிக்குள் அந்தக் கார் வந்தது. முன்விளக்கு எரிய, வறண்ட கண்ணாடியை வைப்பர் கீச்சுக் கீச்சென்று தேய்க்க, ரேடியோ அலற, பட்டப்பகலில்.

"யாருக்குங்க மழை பெய்யுது?" என்றார் முடிவெட்டுபவர்.

ரவுண்டானா விளிம்பில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றது. நின்றதுதான். ரேடியோ முனகி அடங்கியது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன 'டிக்'.

எதிரே கடையிலிருந்து அண்ணன் கைகளை விரித்துக்கொண்டு இறங்கிவந்தார். "என்ன மாப்ள, நேரா கடைக்கே கொண்டாந்துட்டீங்க! தங்கச்சி, இறங்கி ஒரே ஒரு தள்ளு தள்ளிடும்மா. மத்தத நான் பாத்துக்குறேன்." கையில் அளவு டேப் வேறு.

அக்கா இறங்கப் போனார்.

"இறங்காத!" என்று கத்தினார் பல்செட்டார். அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. "நீ தள்ள வேணாம். நீ இந்தப் பக்கம் உக்காரு. நான் தள்றேன்."

"நான் ஓட்டவா?"

"லைசென்ஸ் இருக்குல்ல?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினது. இத்தன வருஷத்துல இப்பதான் கேக்குறீங்க."

முடிவெட்டுபவர் கத்தரியோடு ஓடினார். பாதித் தலையோடு வெளியே போக எனக்குக் கூச்சம், துணியைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இருவரும் தள்ள, பல்செட்டார் மூச்சிரைக்க, "ரெண்டாவது கியர்... இப்ப கிளட்ச விடு!" என்றார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, பிடித்துக்கொண்டு, பாய்ந்தது. பிடிமானம் போன பல்செட்டார் தரையில் கிடந்தார்.

அக்கா ரவுண்டானாவை ஒரு சுற்றுச் சுற்றி எங்களைக் கடந்தார். "நிறுத்தட்டுமா?"

"நிறுத்திடாத! நின்னா செத்துடும்!"

இரண்டாவது சுற்று. "முள் மைனஸ்ல போயி முட்டிக்கிட்டு நிக்குது!"

"லைட்டப் போடு! வைப்பரப் போடு!"

மூன்றாவது சுற்றில் எல்லாம் எரிந்தது, எல்லாம் ஆடியது, இன்ஜின் மறுபடி இருமியது. நான்காவது சுற்றில் எல்லாம் அணைந்திருந்தது, கார் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. ஐந்தாவது சுற்றில் அக்காவின் முகத்தில் தெருவே பயப்படுகிற அந்த ஆபீஸ் பார்வை வந்துவிட்டது.

"ஏங்க! ஏறும்போது இறக்கம் காட்டுது, இறங்கும்போது ஏத்தம் காட்டுது! இது தலைகீழா மாட்டின மீட்டரு!"

"சரியாத்தான் மாட்டினேன்!"

ஆறாவது சுற்று. "தண்ணி மீட்டரத் திருப்பி மாட்டிட்டு வாரத்துக்கு நாலு வீட்ல இந்தக் கதையத்தான் சொல்றாங்க! எல்லாரும் சரியாத்தான் மாட்டினாங்களாம்!"

பஸ் ஓட்டுநர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அண்ணன் டேப்பை நீட்டிப் பிடித்தபடி, "வண்டிய எப்பம்மா கொண்டு வந்து விடுவே?" என்று கேட்டார். பதிலுக்கு ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"நான் இறங்கினேனா? தள்ளினேனா?"

"அது சரி, ஆனா..."

அடுத்த சுற்று. "விக்கிறேன்னு சொன்னது இவர் ஓட்ற வண்டிய! இது நான் ஓட்ற வண்டி! சோபாவ வேற எங்கயாவது வைண்ணா!"

பிறகு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, "ஏறுங்க!" என்றார். பல்செட்டார் பக்கத்திலேயே ஓடி, கதவைத் தாண்டி ஒரு காலைப் போட்டு, தலைகீழாக இருக்கைக்குள் விழுந்தார். அவர் செருப்பு ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது. இரண்டு கால்களும் வானத்தைப் பார்க்க, கார் தங்கை வீட்டுச் சாலையில் திரும்பி மறைந்தது.

சாயங்காலம் யாரும் தள்ளாமல் திரும்பி வந்தது. அக்கா ஒரே திருப்பில் வாசலில் நிறுத்தினார். செருப்பைக் கொடுக்கலாம் என்று இறங்கிப் போனேன். பல்செட்டார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"இந்த சீட்ல ஒரு ஸ்பிரிங் வெளிய வந்திருக்கும்மா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் குத்துது."

"தெரியும். பதினோரு வருஷமா நான் உக்காந்தது அதுலதான்," என்றார் அக்கா, சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டே. "ஒரு ஓரமா சாஞ்சு உக்காரணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிடுங்க."