சல்பா மாத்திரையும் சித்தேரி மலை அம்மையும்

என் 1984ஆம் ஆண்டு டயரியில், ஆடி மாதப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "லட்சுமி, வயது இருபது, சித்தேரி மலை. நீர்க்கடுப்பு. சல்பா மாத்திரை, பத்து நாளுக்கு. முன்பு எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்கவில்லை." கடைசி வாக்கியம் பிறகு வேறு மையில் எழுதியது.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் அப்போது கம்பவுண்டர். டாக்டர் சீட்டு எழுதுவார். டின்னிலிருந்து மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது என் வேலை. ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதும் என் வேலைதான். அன்று கூட்டம்.

எட்டாம் நாள் அவள் கணவன் தீர்த்தன், மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வீட்டில் அம்மா வந்திருக்கிறாள், வேப்பிலை கட்டியாயிற்று, இனி மருந்து ஆகாது என்றான். அம்மை என்றால் எங்கள் பக்கம் அப்படித்தான். வாங்கி வைத்துக்கொண்டு, கொப்புளம் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டேன்.

"கொப்புளம்னு இல்லைங்க. தொட்டா தோலு கையோட வருதுங்க. ஒதடு வெந்துபோச்சு. கண்ணு தொறக்க முடியல."

அம்மையில் அப்படித் தோல் உரியாது. சல்பா சிலருக்கு இப்படிச் செய்யும் என்று படித்திருந்தேன், பார்த்ததில்லை. டாக்டரிடம் ஓடினேன். உடனே தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிக் கடிதம் எழுதித் தந்தார். தீர்த்தனோடு அடுத்த பஸ்ஸில் மலையேறினேன்.

லட்சுமி கயிற்றுக் கட்டிலில் வாழையிலைமேல் படுத்திருந்தாள். மாமியார் வாசலை விட்டு நகரவில்லை. அம்மா இறங்குமுன் ஊர் எல்லையைத் தாண்டினால் குத்தம் என்றார். டாக்டர் இங்கிலீசில் எழுதிய கடிதத்தைக் காட்டினேன். மேலே இறங்கியிருக்கும் அம்மாவுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

வேறு வழியில்லை. "இது அம்மா இல்லீங்க ஆத்தா. நான் குடுத்த மாத்திரை. கேக்காம குடுத்துட்டேன்."

தீர்த்தன் தலையைக் குனிந்துகொண்டான். ஆத்தா வாசலை விட்டு விலகினார். பிறகு கட்டிலின் தலைமாட்டைக் காட்டினார்.

"குடுத்தவன் நீதான? நீயே ஒரு பக்கம் தூக்கு. ஆட்டாம தூக்கு, புள்ளைக்கு ஒடம்பெல்லாம் ரணம்."

இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். வலது கண்ணில் கூச்சம் மட்டும் தங்கிவிட்டது. அம்மை என்று நம்பி மாத்திரையை நிறுத்தியதே பாதி வைத்தியம் என்றார் அங்கிருந்த டாக்டர். அதன்பின் கேட்காமலும், பொட்டலத்தின்மேல் மருந்தின் பெயரை எழுதாமலும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

தை மாதம் அவளே வந்தாள். இனித் தொடக்கூடாத மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். ஆடியில் சல்பா கொடுத்த அன்று, அதே பொட்டலத்தில் காய்ச்சல் மாத்திரையும் நாலு மடித்திருந்தேன்; அதுவும் அபூர்வமாகச் சிலருக்குத் தோலை உரிக்கும். அவளை அப்படிச் செய்தது சல்பாவா, காய்ச்சல் மாத்திரையா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.