அவர் அறைந்தது ஒரு கன்னத்தில்

என் கணவரிடம் பொய் சொன்னேன். மகளின் கண்ணைக் கெடுத்தது அவருடைய கைதான் என்று அவரை நம்ப வைத்திருக்கிறேன்... இன்றுவரை!

அவர் கைநீட்டுபவர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டிவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பும்போதே எரிச்சலும் கூடவே வரும். எனக்கு விழும், சில நாள் அவளுக்கும் விழும். அன்று வீட்டுப்பாடத்தைத் தப்பும் தவறுமாக எழுதினாள் என்று இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அடுத்த வாரமே, கரும்பலகை தெரியவில்லை என்றாள்.

அரக்கோணத்தில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கும் வில்லை, இரண்டு கண்ணிலும் மேல்நோக்கி நகர்ந்திருக்கிறதாம். அவளுடைய நீண்ட விரல்களைப் பார்த்தார்; பிறகு என் விரல்களையும். அவளை வெளியே அனுப்பினார்.

"இது அடியால வந்தது இல்லம்மா. ஒடம்பத் தாங்கிப் பிடிக்கிற இழையே பலவீனம். பரம்பரையா வர்றது. நீங்க ரெண்டு பேருமே இதயத்தையும் பார்த்துக்கணும்" என்றார்.

என் வழியாக வந்த குறை! என் கணவரோ உள்ளே வரப் பயந்து வெளியிலேயே நின்றிருந்தார்.

"நான் அறைஞ்சதாலதான் இப்டி ஆச்சா?" நான் வெளியே வந்ததும் கேட்டார்.

"ஆங்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பழிவாங்கவா? பயத்திலா? எனக்கே விளங்கவில்லை... அறைந்தது ஒரு கன்னத்தில். கெட்டிருப்பதோ இரண்டு கண். அதைக்கூட அவர் யோசிக்கவில்லை!

அன்றிலிருந்து அவர் கை ஓங்கவில்லை. எங்கள் இருவர் மீதும். நிம்மதியாகச் சோறு இறங்குகிறது. இதை நானே எப்படிக் கெடுத்துக்கொள்வேன், நீங்களே சொல்லுங்கள்!

ஆனால் மகளும் அதையே நம்புகிறாள். அவர் ஆசையாகக் கூப்பிட்டால் என் பின்னால் ஒளிகிறாள். அவர் முகம் வாடும்போது, ஐயோ, சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வருகிறது... கண் பரிசோதனை என்று பொய் சொல்லித்தான் அவளுடைய இதயத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு இன்னும் பார்க்கவில்லை. உனக்கு எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்?

போன கிருத்திகைக்கு மூவரும் மலைக்குப் போனோம். அவள் கண்ணுக்காக நேர்ந்துகொண்ட வெள்ளிக் கண்மலரை உண்டியலில் போட்டுவிட்டு, அவர் கண்மூடி நெடுநேரம் நின்றார். மகள் என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, நைனாவ சாமி மன்னிச்சிட்டாரா?"

அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"இன்னும் இல்ல" என்றேன்.