நாலு மாதச் செங்கோல்

மெஹர் அக்கா இறந்துபோன செய்தி மெஹர் அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. எங்கள் ஆங்கிலத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் அவர் பெயர் தெரிந்ததும், வழக்கம்போல யாரிடமோ எதையோ கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ‘வரும்போது யாராவது எனக்கு ரெண்டு சிவப்புப் பேனா வாங்கிட்டு வாங்க.’ ‘என் மூணாவது பீரியடை யாராவது பாத்துக்கங்க, இன்னைக்கு முடியல.’ அவருடைய செய்திகள் அப்படித்தான் இருக்கும். மகளுக்கு இட்லி பிசைந்துகொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் திறந்தேன். ‘இன்னா லில்லாஹி’ என்று தொடங்கியிருந்தது. அவருடைய தங்கை அனுப்பியிருந்தார். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அவரிடம் படித்த பெண்களே, நீங்கள் இந்த ஊரின் எல்லா அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் மெஹருன்னிசா மேடம். உடன் வேலை பார்த்த எங்களுக்கு மெஹர் அக்கா. ஆசிரியர் அறையில் அவர் மேசைக்கு எதிர்மேசை என்னுடையது. பிரசவ விடுப்பு முடிந்தும் சம்பளமில்லா விடுப்பில் நான் வீட்டிலேயே இருந்தேன். வேலையை விட்டுவிடுவது என்று ஏறக்குறைய முடிவும் செய்திருந்தேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குள் நடந்த கடைசிச் சண்டை அதைப் பற்றியதுதான். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதை அவரைத் தெரிந்தவர்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

முதலில் அவர் குரல். மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் போகிற மாணவியைத் துப்பட்டாவின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். “ஏ மஞ்சத் துப்பட்டா, இங்க வா. இந்தப் பையத் தூக்கு. எனக்கு மூட்டு வலி.” கெஞ்சலும் இருக்காது, அதிகாரமும் இருக்காது. மழை வருகிறது, துணியை எடு என்று சொல்வதுபோல் சொல்வார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அது கூச்சமாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்: “பிள்ளைங்களைப் போயி பை தூக்கச் சொல்றீங்களேக்கா, தப்பா நினைக்க மாட்டாங்களா?”

“நினைச்சா நினைக்கட்டும். அதுக கேட்டா நானும் தூக்குவேன். நீ கேக்கவும் மாட்டே, குடுக்கவும் மாட்டே. நெஞ்சுல அம்புட்டையும் கட்டித் தூக்கிக்கிட்டு அலையிற. ஒருநாளைக்குச் சுளுக்கிக்கும் பாரு.”

மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு அவர் நடத்திய அமெரிக்க நாவலின் பெயர் இங்கே வேண்டாம். அவரிடம் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குக் கதை போதும். கண்ணுக்கு எட்டும் தூரம்வரை புல்வெளி. அதில் ஒரு பண்ணை, அக்கா தங்கை இருவர். தங்கை தன் கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, நகரத்துத் தையல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறாள். அக்கா தனி ஆளாக ஏர் ஓட்டுகிறாள், வெட்டுக்கிளியை விரட்டுகிறாள், தங்கையின் பிள்ளையையும் வளர்க்கிறாள். புத்தகம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. கடைகளில் விற்கும் நோட்ஸ் எல்லாவற்றிலும் ‘வலிமையான பெண்’ என்ற தலைப்பின் கீழ் இந்த அக்காதான் இருப்பாள். நானும் கல்லூரியில் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன்.

நோட்ஸை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மெஹர் அக்காவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எனவே ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தை முடிக்கும்போது பட்டிமன்றம் வைத்துவிடுவார். நம் ஊரில் தெருவுக்குத் தெரு மேடை போட்டுப் பேசுகிறவர்கள்தானே நாம். ‘நாவலின் வலிமையான பெண் அக்காவா, தங்கையா?’ நடுவர் அவரே. ஆங்கில நாவலுக்குத் தமிழில் பட்டிமன்றமா என்று துறையில் சிலர் முகம் சுளித்தார்கள். “வாயி திறந்தாத்தான மூளை திறக்கும்? எந்த மொழியில திறந்தா என்ன?” என்றார்.

நான் அக்கா அணிக்குத் தலைமை தாங்கிய ஆண்டை மறக்க முடியாது. எங்கள் அணியில் பேசிய மாணவி வில்லாபுரத்தில் என் பக்கத்துத் தெரு. மைக்கைப் பிடித்ததும் அவளுக்கு அருள் வந்துவிட்டது. “நடுவர் அவர்களே! எதிரணியினர் எந்த ஊரில் நின்று பேசுகிறார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். இது மீனாட்சி ஆட்சி செய்கிற ஊர். இங்கே ஒரு பெண் தனியாக ஏர் ஓட்டினால் கைதட்டுவோம், பிள்ளையை விட்டுவிட்டு ஓடினால் கைதட்ட மாட்டோம்!” அரங்கமே அதிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மெஹர் அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “ஏம்மா, தெற்கு மாசி வீதியில பொறந்து வளந்தவ நான். சித்திரையில அந்த அம்மாவுக்குப் பட்டாபிஷேகம் ஆகி, செங்கோல் குடுக்கிறதுக்குக் கூடுற கூட்டத்துல எங்க வீட்டு வாசலே தெரியாது. எல்லாம் பாத்திருக்கேன். ஆவணியில என்ன நடக்குது? நீயே சொல்லு.”

அந்தப் பெண் குரலை இறக்கினாள். “செங்கோல் சுவாமி கைக்குப் போயிரும் மேடம்.”

“ஆக, நாலு மாசம் அவங்க ஆட்சி. மிச்ச எட்டு மாசம் இன்னொருத்தர்ட்ட குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. அதனால அந்த அம்மாவ யாராவது சோப்ளாங்கின்னு சொல்லுவியா?”

அரங்கம் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு அணிகளும், ஏன் நானும்கூட, தாண்டிப் போயிருந்த இரண்டு பக்கங்களைப் புத்தகத்தில் எடுத்துக் காட்டினார். பனிப்புயல். தங்கையின் பிள்ளைக்குக் காய்ச்சல். அக்கா பல நாளாகத் தூங்கவில்லை. வரப்புத் தகராறில் பேச்சே நின்றுபோன பக்கத்துப் பண்ணைக்காரியின் வீட்டுக்குப் பிள்ளையைச் சுமந்துகொண்டு போகிறாள். கதவைத் தட்டுகிறாள். இவனைப் பிடி, நான் தூங்க வேண்டும் என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் பனி உருகிவிடும், அவளும் மறுபடி ஏர் ஓட்டக் கிளம்பிவிடுவாள்.

“ஜெயிச்சது அக்கா அணிதான். ஆனா நீங்க பேசின ஒரு பேச்சுக்கும் மார்க் கிடையாது. ஏரை மாடுதான் இழுத்துச்சு. அந்தக் கதவை அவதான் தட்டினா.”

ஜெயித்த எங்கள் அணி தோற்றவர்களைப் போல மேடையிலிருந்து இறங்கி வந்தது அந்த ஒரு பட்டிமன்றத்தில்தான்.

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் இழுப்பு வந்தது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி, என் மடியிலேயே. மருத்துவர், “பல குழந்தைங்களுக்கு வர்றதுதான், வளர வளர நின்னுடும்” என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது, உடம்பில் இறங்கவில்லை. அன்றிலிருந்து அவள் தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்து மூச்சைப் பார்க்காமல் நான் தூங்கியதில்லை. கணவர் சென்னையில் வேலையில் இருக்கிறார், சனி ஞாயிறுகளில் வருவார். சமயநல்லூரில் இருக்கும் என் மாமியார் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது, வேண்டாம் என்றேன். குழந்தைகள் காப்பகத்தில் ஒருநாள் விட்டேன். பெரியார் பஸ் நிலையம் வரைகூடப் போகவில்லை, பாதியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்பி ஓடினேன். நான் இல்லாத நேரத்தில் வந்துவிட்டால் என்ற ஒரு நினைப்பு என்னை வீட்டோடு கட்டிப்போட்டது.

அப்போது மெஹர் அக்காவுக்கே சிறுநீரகம் பழுதாகியிருந்தது. வாரந்தோறும் டயாலிசிஸ். அந்த உடம்போடு ஒருநாள் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்து இறங்கினார். கீழே நின்று போன் செய்தார்: “வந்து கையப் பிடி. மாடி ஏற முடியல.” மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கையை நீட்டினார். “குடு பிள்ளைய. போயித் தூங்கு.”

“நீங்களே முடியாம வந்திருக்கீங்க...”

“நான் உக்காந்திருக்கேன்ல? மடி நல்லாத்தான இருக்கு?”

அன்று நான் தூங்கவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். வேலையை விடப்போகிறேன் என்று நான் சொன்னதும் சண்டை தொடங்கியது. “நீங்க பெத்திருந்தா தெரியும்” என்று சொல்லிவிட்டேன். திருமணமே செய்துகொள்ளாதவர். முகம் மாறவில்லை. “பெக்கல. ஆனா படிச்சிருக்கேன். நீயும் படிச்சிருக்க. எதிர் வீட்டுல ஆளு இருக்கா?”

“இருக்காங்க.”

“கதவு இருக்கா?”

“அக்கா, அது கதை. இது என் பிள்ளை.”

“கதையில வர்றதும் பிள்ளைதான்டி” என்றவர், எழுந்து, மறுபடியும் கையைப் பிடித்து இறக்கிவிடச் சொன்னார். கோபத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கோபம் அவருக்கு நீடிக்காது. சில நாட்களிலேயே போன் வந்தது. “சுதா, ஞாயித்துக்கிழமை வா. எனக்கு நகம் வெட்டி விடணும். கண்ணும் தெரியல, கையும் நடுங்குது.” மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நிறையப் பெண்களுக்குப் பாடம் எடுத்த அந்த விரல்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டினேன். யாரிடமும் இப்படிக் கேட்க என்னால் முடியாது என்பது அந்தக் கைகளைப் பிடித்திருந்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெட்டி முடித்ததும் அவர் விரல்களை விரித்துப் பார்த்து, “இந்தச் சுண்டுவிரல ஒழுங்கா வெட்டலியே. இதுக்குத்தான் எம்.ஃபில். படிச்சியா?” என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

இறந்த அன்று மகளைத் தூக்கிக்கொண்டே போனேன். வேறு வழி எனக்குத் தெரியாது. கூடம் முழுக்கப் பெண்கள், குர்ஆனிலிருந்து யாசீன் ஓதும் சத்தம். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது, தீர்ப்புச் சொல்லி முடித்த நடுவரின் முகம்போல. நான் குனிந்தபோது பின்னாலிருந்து யாரோ என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. அழுதேன், நன்றாகவே அழுதேன். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்குப் பிள்ளையின் ஞாபகமே வந்தது. தேடி ஓடினேன். பின்கட்டில், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் என் விரல் அவள் மூக்கடிக்குப் போனது.

அந்தப் பெண் என் கையை மெதுவாக விலக்கினார். “மூச்சு நல்லா வருது, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க மெஹர் லாத்தாவோட வேலை பாத்தவங்கதான? உங்க பிள்ளையக் கண்டா வாங்கிக்கன்னு லாத்தா சொல்லியிருந்துச்சு. அவளா குடுக்க மாட்டா, பிடுங்கித்தான் வாங்கணும்னுச்சு.”

சிரித்துவிட்டேன். மவுத் வீட்டில், அழுத முகத்தோடு, சத்தமாக.

அந்த வாரமே துறைத் தலைவர் கூப்பிட்டார். அமெரிக்க நாவல் தாளை எடுக்க ஆள் இல்லை, திங்கட்கிழமை வர முடியுமா, இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. ஒரு கதவு இருந்தது, அதைத் தட்ட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ராஜாத்தி அக்கா மாவுக் கையோடு திறந்தார். இத்தனை காலமும் படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். மனப்பாடம் செய்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோனது. “அக்கா, நாளைக்கு இவளைப் பிடிச்சுக்குங்க. நான் காலேஜுக்குப் போகணும். காய்ச்சல் வந்தா இழுப்பு வரும். என்ன செய்யணும்னு சொல்லித் தாரேன்.”

“இழுப்பா? எம் மூத்தவனுக்கு அஞ்சு வயசு வரைக்கும் இருந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, அம்புட்டுத்தான? இதக் கேக்கவா இம்புட்டு நாளு? நானே கேப்பம்னு பாத்தேன். நீங்க ஆளக் கண்டாலே கதவச் சாத்திக்கிறீங்க, நான் என்ன செய்ய?” கையைக் கழுவிவிட்டு வந்து என் மகளை வாங்கிக்கொண்டார். அவளும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர் தாலிக்கொடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் பாதி வழியில் கை போனுக்குப் போனது. எடுத்தேன், பார்த்தேன், பைக்குள் வைத்துவிட்டேன். இறங்கவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது என்னோடு பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தது.

மெஹர் அக்காவின் தங்கை அவருடைய புத்தகங்களில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை கல்லூரி மாடிப்படியின் அடியில் நின்றேன். தோளில் கனமான பை. பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். அந்தப் பக்கம் ஒரு மாணவி போய்க்கொண்டிருந்தாள். பெயர் தெரியாது.

“ஏ ஊதாத் துப்பட்டா, இங்க வா. இந்தப் பையைத் தூக்கு” என்றேன்.