அத்திப்பள்ளியில் பார்த்தவர்

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் ஓசூரில் குடியிருந்தோம். ஒரு சனிக்கிழமை, கெலமங்கலம் வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பிய என் தம்பி திரும்பி வரவில்லை. இருபது வயசுப் பிள்ளை. வலிப்பு வேறு உண்டு. மாத்திரை தவறினால் எங்கே விழுவான் என்று சொல்ல முடியாது. மாத்திரைச் சீசா அலமாரியிலேயே இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கெலமங்கலத்தில் அவனைப் பார்த்தவர் யாருமில்லை. எங்கள் தெருவிலும் வீடுவீடாகக் கேட்டோம். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள், ஒருவரும் பார்க்கவில்லை என்றார்கள்.

திங்கட்கிழமை காலை எங்கள் மாதா கோயில் உபதேசியார் வந்தார். குடியைக் கண்டித்து அவர் பேச ஆரம்பித்தால் நமக்கு டீ குடிக்கக்கூடப் பயம் வரும். அப்பேர்ப்பட்டவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"அக்கா, தம்பிய சனிக்கிழமை அத்திப்பள்ளியில பாத்தேன். ஆனேக்கல் பஸ்ல ஏறுனான்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா."

"நான் நின்ன எடம் அப்படிக்கா. கடை வாசல்."

நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. மாநில எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் சாராயக் கடை திறந்திருக்கும். தெருவில் ஏன் ஒருவர் கண்ணிலும் தம்பி படவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்தவர்களும் அந்தக் கடை வாசலில்தான் நின்றிருப்பார்கள். அம்மா எதுவும் கேட்காமல் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

அன்றே ஆனேக்கல் போனோம். கடைத்தெருவில் தேடியபோது, ஒரு மளிகைக் கடையில் கன்னடம் பேசிக்கொண்டு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. வலிப்புக்காரன் என்று ஊரில் யாரும் அவனுக்கு வேலை தரவில்லை. இங்கே அது யாருக்கும் தெரியாது. சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். அம்மா திரும்பி நின்று, கையோடு கொண்டுவந்த மாத்திரைச் சீசாவை, அவனுக்காக வாங்கிவந்த முறுக்குப் பொட்டலத்துக்குள் திணித்து, கடைக்காரர் எதிரிலேயே நீட்டினாள்.

"முறுக்குடா. தெனமும் மறக்காம சாப்புடு."

அவனை அங்கேயே வேலையில் விட்டுவிட்டு ஊருக்கு வந்ததும் யார் துப்புச் சொன்னது என்று தெருவே கேட்டது. "யாரோ ஒரு கண்டக்டர்" என்று அம்மா முடித்துவிட்டாள். நாங்களும் அதையே சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வழக்கம்போல் குடியைக் கண்டித்துப் பேசினார். அம்மா பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் காலமாகி வெகுநாளாகிறது. ஆனாலும் என் தம்பியின் உயிருக்காகத் தன் மானத்தை எங்கள் கையில் கொடுத்த மனிதரின் பெயரை நான் இன்றைக்கும் யாரிடமும் சொல்வதில்லை.