சவுக்குத் தோப்புல மாலை போட்ட போட்டோங்க

எனக்கு எயுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எயுதிக்கினு வர்றா. நடுவுல நிறுத்தி கேள்வி கேக்காதடின்னு சொல்லிட்டுதான் ஆரம்பிக்கிறேன். நிறுத்துனா எங்க உட்டேன்னு எனக்கே தெரியாது.

செங்கல்பட்டு டேசனுக்குப் பின்னால ரயில்வே காலனி. அங்க ஒரு சட்டைக்காரர் வூட்ல நான் சமையலு. அவுரு ரயிலு கார்டு. சட்டைக்காரருன்னா வெள்ளைக்காரனும் இல்ல, நம்ப ஆளும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல பொறந்தவங்க. இங்கிலீசு பேசுவாங்க, பொம்பளைங்க கவுனு போடுவாங்க, ஆனா ரசம் இல்லாம சோறு எறங்காது. அதுக்கு பெப்பர் வாட்டருன்னு பேரு வெச்சிருந்தாங்க. மொளகு ரசம்தான், நான்தான வெச்சேன். இங்கிலீசுல சொன்னா ஒரு மெதப்பு.

எங்க வூட்டுக்காரரு லோகோ செட்டுல இஞ்சினு தொடைக்கிற வேல. லீவு நாளுல எங்க தெரு பேண்டு செட்டுல ட்ரம்பெட்டு. கல்யாணத்துக்கும் போவாரு, சாவுக்கும் போவாரு. ட்ரம்பெட்டு அவுருது இல்ல, பேண்டு மாஸ்டரோடது. வெரலு வெச்சு அமுக்குற மூணு கட்டையில ஒண்ணு அமுக்குனா மேல வராது. ஒரு ரப்பர இஸ்து கட்டிக்கினு ஊதுவாரு. ஊதி முடிச்சதும் தொடச்சு பொட்டில வெச்சு குடுத்துட்டு வெறுங்கையா வூட்டுக்கு வருவாரு. கள்ளு கெடையாது, பீடி கெடையாது. அந்த மனுசன் ஆசப்பட்டது தனக்குன்னு ஒரு ட்ரம்பெட்டு, அது ஒண்ணுதான்.

கார்டு வூட்ல கிராமபோனு இருந்துச்சு. ஞாயித்துக்கெயம மத்தியானம் பிளேட்டு போடுவாரு. அமெரிக்காவுல கீற கருப்பருங்க ஊதுற பாட்டு. ஜாஸும்பாங்க, ப்ளூஸும்பாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்க வூட்டுக்காரரு எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கற சாக்குல வந்து சன்னலுக்கு வெளிய குந்திக்குவாரு. பிளேட்டுல ஒருத்தரு ட்ரம்பெட்டு ஊதுவாரு. அந்தப் பாட்டு வந்தா இவுரு கண்ண மூடிக்குவாரு, வெரலு மூணும் தொடை மேல ஆடிக்கினு இருக்கும். அவுரு பேரு தெரியாது எங்களுக்கு. என்னோட ஆளுன்னுதான் சொல்லுவாரு. என்னோட ஆளு இன்னிக்கு ஊதலியான்னு என்னாண்ட கேப்பாரு, இன்னாவோ கூடப் பொறந்தவன் மாரி.

அப்போ காலனில வூடு வூடா காலி பண்ணிக்கினு கப்பலேறுற காலம். காலனிக்காரங்க கூடி ஆடுற கிளப்பு பேண்டுல ட்ரம்பெட்டு ஊதிக்கினு இருந்தவரும் ஆஸ்திரேலியா கப்பலுக்கு நாள் பாத்துக்கினு இருந்தாரு. தன்னோட ட்ரம்பெட்ட, வெள்ளியாட்டம் மின்னும் அது, கிளப்புலயே உட்டுட்டுப் போறேன், நல்லா ஊதுறவனாப் பாத்துக் குடுன்னு கார்டு கையில குடுத்துட்டாரு. கார்டுதான் பேண்டுக்குத் தலைவரு. ஒரு ஞாயித்துக்கெயம சன்னல் வழியா தலைய நீட்டுனாரு.

"இன்னா மேன், தொடையிலயே ஊதிக்கினு இருந்தா போதுமா? அடுத்த வாரம் மாபலிபுரத்துல நம்ப பிக்னிக்கு. வந்து நெசமா ஊது. நல்லா ஊதுனா இந்த ட்ரம்பெட்டு உனக்கு, பேண்டுல எடமும் உனக்கு."

அந்த வாரம் பூரா எங்க வூட்ல யாருக்கும் தூக்கம் இல்ல.

பிக்னிக்கு சொம்மா சாப்புட்டு வர்றதுக்கு இல்ல. அந்த அமெரிக்கா பாட்டுக்காரங்களுக்கு ஒரு மரியாதை பண்ணணும்னு ஏற்பாடு. அந்தக் காலத்து ஆளுங்க, இந்தக் காலத்து ஆளுங்க, எல்லாருக்கும். கார்டு சீமைப் புஸ்தகத்துலேர்ந்து அவங்க போட்டோவ வெட்டி அட்டையில ஒட்டி வெச்சிருந்தாரு. ஏயோ எட்டோ. எல்லாம் நம்ப நெறம்தான், செல பேரு எங்க வூட்டுக்காரர வுட கருப்பு. ட்ரம்பெட்டு கையில வெச்சிருந்தது ஒருத்தருதான், அவுருதான் இவுரு ஆளுன்னு தெரிஞ்சுக்கினேன். அம்மா, அதான் கார்டு பொஞ்சாதி, சாமந்தி வாங்கிக் குடுத்து எல்லா போட்டோவுக்கும் மாலை கட்டுன்னாங்க. நான் ஒக்காந்து கட்டுனேன்.

இப்போ நீங்களே சொல்லுங்க. போட்டோவுக்கு மாலை போட்டா இன்னா அர்த்தம்? எங்க தெருவுல பால் குடிக்கிற புள்ளையக் கேட்டாக்கூட சொல்லும். ஒரே நேரத்துல அத்தினி பேருமா செத்தாங்க, கப்பலு கிப்பலு முயுகிடுச்சான்னு நெனச்சேன். அம்மாவக் கேக்கல. கேட்டிருக்கணும். வூட்டுக்கு வந்து, உன் ஆளு போயிட்டான்யா, நான்தான் மாலை கட்டுனேன்னு சொன்னேன். அவுரு சோத்துத் தட்ட தள்ளி வெச்சுட்டு எயுந்து போயிட்டாரு.

லாரியிலதான் போனோம். முன்னால பெஞ்சு போட்டு அவங்க, பின்னால சோத்து டேக்சாவோட நாங்க. கயுக்குன்றம் வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க, மலை மேல ரெண்டு கயுகு சோறு துண்ண வருமே, அத்த பாக்கணுமாம். நாங்க மாதாகோயிலுக்குப் போற சனம், இருந்தாலும் நானும் அண்ணாந்து பாத்தேன். ரெண்டுல ஒண்ணுதான் வந்துச்சு. அன்னிக்கே எனக்கு மனசு சரியில்ல.

மாபலிபுரத்துல அப்போ இப்ப மாரி கடையும் இல்ல, கும்பலும் இல்ல. கடலு, கோயிலு, சவுக்குத் தோப்பு, அவ்ளோதான். மரத்துக்கு ஒண்ணா போட்டோவ ஆணியடிச்சு மாட்டுனாங்க. நான் மாலை போட்டேன். போட்டதோட நின்னுச்சா என் கை, ஒவ்வொண்ணுக்கும் கீய மண்ணுல ஊதுபத்தி வேற கொளுத்திக் குத்துனேன். அம்மா பாத்துட்டு, ஓ நைஸுன்னாங்க.

எங்க வூட்டுக்காரரு பேண்டு செட்டோட செவப்புக் கோட்டு, பித்தளப் பொத்தான் வெச்சது, அத்த போட்டுக்கினு வந்திருந்தாரு. கார்டு அத்த கயட்டச் சொல்லிட்டாரு. சர்க்கஸா நடத்துறோம்னு சிரிச்சாங்க. பேண்டுக்காரங்களுக்கு நாற்காலி அஞ்சு போட்டிருந்தாங்க, அதுலயும் குந்த வெக்கல. டிரம்முக்குப் பின்னால மரத்தாண்ட நின்னு ஊதுன்னாங்க. வெள்ளி ட்ரம்பெட்ட கையில குடுத்தாங்க. அத்த வாங்குனதும் அவுரு மூணு கட்டையையும் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்தாரு, மூணும் மேல வந்துச்சு.

டான்ஸு பாட்டு ஊதச் சொன்னாரு கார்டு. ஜோடி ஜோடியா எயுந்து நின்னுட்டாங்க. எங்க பேண்டு செட்டுல ஒரு வயக்கம். செத்தவங்க மூஞ்சிக்கு முன்னால மொதல்ல சாவுப்பாட்டு ஊதணும், மெதுவா, முயுசா. அதுக்கப்பால என்ன வேணா ஊதலாம். ஊதாம டான்ஸு பாட்டு போட்டா செத்தவன அவமானம் பண்ணாப்பல.

அவுரு தன் ஆளு போட்டோவப் பாத்து நின்னாரு. கண்ண மூடிக்கினு சாவுப்பாட்ட எடுத்தாரு.

நான் எத்தினியோ சாவுல அந்தப் பாட்டக் கேட்டிருக்கேன். அன்னிக்கு வேற மாரி இருந்துச்சு. ட்ரம்பெட்டு அயுதுச்சு. கடல்காத்து, வெயிலு, பத்திப்பொகை, கைய கோத்துக்கினு நின்ன ஜோடிங்க அப்படியே நின்னுட்டாங்க. ஆஸ்திரேலியா போறவரு தொப்பியக் கயட்டிட்டாரு. ஒரு கெயவி மூக்கச் சீந்துனா. நான் டேக்சாவப் புடிச்சுக்கினு அயுதேன்.

ஊதி முடிச்சதும் கார்டுதான் வந்தாரு.

"எவன் செத்தான்னு மேன் இத்த ஊதுன?"

எங்க வூட்டுக்காரரு போட்டோங்களக் காட்டுனாரு. "இவங்கதான் சார்."

மொதல்ல ஒருத்தன் சிரிச்சான், அப்பால எல்லாரும். பாதிப் பேரு உசுரோடதான் கீறாங்களாம். மாலை மரியாதைக்குப் போட்டதாம். கார்டு மாமியாரு மட்டும் சிரிக்கல. உசுரோட கீறவனுக்கு சாவுப்பாட்டா, கெட்ட சகுனம்னு ஒரே கத்தலு. இவுரு காதுல அது எதுவும் எறங்கல. தன் ஆளு போட்டோவக் காட்டி, "இவுரு கீறாரா சார்?" ன்னாரு. கீறான் மேன், அமெரிக்காவுல ஊதிக்கினுதான் கீறான்னாரு கார்டு.

எங்க வூட்டுக்காரரு மூஞ்சி அப்புடி மலந்துச்சு. எங்களுக்குப் புள்ள பொறந்தப்பக்கூட அப்புடி நான் பாக்கல. அவுரு அந்த சந்தோசத்துல நிக்கறப்பவே கையிலேர்ந்து ட்ரம்பெட்ட வாங்கிக்கினாங்க. செத்தவன் எவன், இருக்கறவன் எவன்னு தெரியாதவனுக்கு பேண்டுல எடமான்னு சொல்லி கார்டு தன் மச்சானுக்கு குடுத்துட்டாரு. மச்சானுக்கு தொந்தி பெருசு, மூச்சு சின்னது. ரெண்டு வரி ஊதுனா மூஞ்சி தக்காளியாயிடும்.

தப்பு அவுருதா, என்துதான. அவுரு ஒரு வார்த்த என்ன கேக்கல. கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

கத இத்தோட முடிஞ்சிருந்தா நான் மறந்திருப்பேன். காலனி பொம்பளைங்க அந்த சோகப் பாட்டு வேணும், அத்த ஊதுன்னு மச்சான நச்சரிக்க ஆரம்பிச்சாங்க. மச்சான் சமையக்கட்டு சன்னலாண்ட வந்து எங்க வூட்டுக்காரர கூப்புட்டான். கத்துக் குடுன்னான். போவாத, உனக்கு சூடு சொரண கீதான்னு நான் கேட்டேன்.

"ஊதிக் காட்டறதுக்காவது அந்த ட்ரம்பெட்ட என் கையில குடுப்பான்ல" ன்னாரு.

ஞாயித்துக்கெயமைல போயி போயி கத்துக் குடுத்தாரு. நான் ஒரு மாசம் பேசல, சோறு மட்டும் போட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு கிளப்புல மச்சான் ஊதுனான். நான் உள்ள கட்லீசு பொரிச்சுக்கினு இருந்தேன், இவுரு நாற்காலி தூக்கிப் போடுற வேல. மெய்யாலுமே நல்லா ஊதிட்டான் பாவி. எல்லாரும் கை தட்டுனாங்க. எங்க கத்துக்கினேன்னு கேட்டதுக்கு அமெரிக்கா பிளேட்டு கேட்டுன்னு சொன்னானாம், அம்மாவே வந்து என்னாண்ட சொல்லிச் சிரிச்சாங்க. நான் எங்க வூட்டுக்காரரப் பாத்தேன். அவுரு ரெண்டு நாற்காலிய ரெண்டு கையில புடிச்சுக்கினு, "கரெக்டா ஊதறான்மே" ன்னாரு.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் அவுர மன்னிக்கல. மச்சானும் அப்பால கப்பலேறிட்டான், ட்ரம்பெட்டோடதான். எங்க தெரு சாவுப்பாட்ட இப்போ எந்த தேசத்துல எவன் டான்ஸுக்கு ஊதிக்கினு கீறானோ.