ஏறலாம், இறங்கக் கூடாது

தாராவியில் எங்கள் சந்து, ஒரு சைக்கிள் வந்தால் ஒரு ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். கீழே பட்டறைகள், மேலே குடியிருப்பு. எங்கள் அறைக்குக் கீழே அண்ணாச்சியின் சட்டை தைக்கிற கார்கானா. அங்கேதான் நான் கட்டிங் மாஸ்டர். எங்கள் அறையை ஒட்டிய மேல் அறை அவருடைய துணிக் கிடங்கு. இரண்டு வாசலுக்கும் பொதுவாக மேலே ஒரு இரும்புக் கம்பி நீட்டி, அதில் கப்பியும் வடமும் தொங்கும். துணி பேல்கள் வடத்தில் ஏறும், தைத்த மூட்டைகள் வடத்தில் இறங்கும். மனிதர்களுக்குச் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு.

சந்தில் எல்லா மேல் அறைக்கும் இப்படித்தான் ஏணியும் வடமும். அந்த ஏணியில் பாடை இறங்காது. மேல் அறையில் யாராவது இறந்துபோனால் ஜமுக்காளத்தில் சுற்றி, வடத்தில் கட்டித்தான் சந்துக்கு இறக்குவோம். நானே பலருக்கு அடியில் நின்று தாங்கியிருக்கிறேன். இதனால் எங்களுக்குள் ஒரு சாத்திரம் உண்டாகிவிட்டது: உயிரோடு இருப்பவன் வடத்தில் இறங்கக் கூடாது. ஏறலாமா என்றால், தாராளமாக ஏறலாம். எந்தப் பிணம் மேலே ஏறுகிறது? இது திருநெல்வேலியிலிருந்து நாங்கள் கொண்டுவந்ததில்லை. அங்கே யார் வீட்டில் கப்பி இருக்கிறது? இங்கே வந்து, இந்தச் சந்துக்காக நாங்களே உண்டாக்கிக்கொண்டது.

ஒரு ஜூன் மாதம், முதல் மழை பெய்த அன்று, அந்த ஏணியில் வழுக்கி விழுந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரேக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, துணி பேல் மாதிரி வடத்தில் மேலே ஏற்றினார்கள். சந்தே கூடி நின்று கை தட்டியது. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இறங்குவதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அதே வாரத்தில்தான் ஓர் ஆணும் பெண்ணும் விண்வெளி நிலையத்துக்குப் போயிருந்தார்கள். எட்டு நாள் வேலை, திரும்பி வர வேண்டியது. போன வண்டியில் கோளாறு. ஒரு வாரம் தள்ளிப் போனது, பிறகு ஒரு மாதம், பிறகு அடுத்த வருடம் என்றார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாயத்துச் செய்தி என்றால் சோறு வேண்டாம். படுத்துக்கொண்டே போனில் அதைத்தான் தேடித் தேடிப் படித்தேன். சூரியனைச் சுற்றும் கிரகங்களைத் தாண்டி, நூற்றிருபது ஒளியாண்டுக்கும் அப்பால் கடல் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற ஒரு கிரகம். நிலவின் தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களுக்குள் உறைந்திருக்கும் பனி. எதைப் படித்தாலும் கடைசியில் அந்த இரண்டு பேரிடம் வந்து நிற்பேன். இன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள், எப்போது வருவார்கள்?

ஆறு வாரம் ஆனது. எக்ஸ்ரேக்குப் போக வேண்டும். அண்ணாச்சி சங்கடத்தோடு கப்பியைப் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. கால் ஊனட்டும், நானே ஏணியில இறங்குதேன்."

"அதான் சரி. கண்ணால பாக்க முடியாதுவே, உம்ம அப்பிடி."

பக்கத்து டிஸ்பென்சரி ஆள் மேலே ஏறி வந்து மாவுக்கட்டை வெட்டி எடுத்தார். உள்ளே இருந்த காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூங்கில் குச்சி. முழங்கால் மடங்கவே இல்லை. என் மனைவி காலை போனில் படம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அவளைத் திட்டி அனுப்பினார். படத்தை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது, ஆளைக் கொண்டுவா, இப்படியே விட்டால் முழங்கால் கட்டையாகிவிடும் என்றாராம். கட்டிங் மாஸ்டருக்கு நாள் முழுக்க மேஜையைச் சுற்றி நின்று வேலை. முழங்கால் போனால் கத்திரியும் போனது என்று அர்த்தம்.

செம்பூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதாள். "லிஃப்ட் இருக்குப்பா எங்க பில்டிங்ல. இங்க வந்து இருங்க." அங்கே வர வேண்டுமானால் முதலில் நான் இங்கிருந்து இறங்க வேண்டும் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் துணிந்துவிட்டேன். வாசலில் உட்கார்ந்து, திரும்பி, நல்ல காலை ஒரு படியில் வைத்தேன். கெட்ட காலை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும், அது மடங்க மாட்டேன் என்றது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. மனைவி மேலேயிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "விட்ராதிய, விட்ராதிய" என்று கத்தினாள். கார்கானா ஆட்கள் கீழேயிருந்து தள்ளி, அவள் மேலேயிருந்து இழுத்து, ஒரு வழியாக உள்ளே கிடத்தினார்கள். அன்றைக்குப் பிறகு ஏணியைப் பார்த்தாலே பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. கால் இன்னும் சரியாகவில்லை என்றே சொல்லிவந்தேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை. கட்டிலில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு முழம். மழைக்காலத்தில் பேச்சுக் கேட்காது, மழை விட்டால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கீழே என் மேஜையில் வேறொருவன் துணி வெட்டுகிற மிஷின் சத்தம் தரை வழியாக முதுகில் ஏறும். அவன் அடுக்கு அதிகம் வைத்து வெட்டுகிறான், அடித் துணி இழுக்கும் என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். சொல்ல யாரும் இல்லை. ஆகாயம் என்று எனக்குக் கிடைத்தது, எதிர்க் கூரைக்கும் எங்கள் கூரைக்கும் நடுவே ஒரு வேட்டிக் கரை அகலம்.

அந்த இரண்டு பேரும் தாங்கள் அங்கே மாட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கவில்லை என்று பேட்டியில் சொன்னார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. பார்க்க வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்ல ஆரம்பித்தேன். ஓய்வுதான், நல்லாத்தான் இருக்கேன். வந்தவர்கள் ஏணியில் இறங்கிப் போகிற சத்தம் அடங்கியதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். பொறாமையாக இருக்கும். நன்றாக நடப்பவர்கள் மேல், நாய்கள் மேல், கீழே இறங்கிப் போகிற மூட்டைகள் மேல்.

எடையில்லாத இடத்தில் இருந்தால் எலும்பும் தசையும் கரையும் என்பதால் அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தார்களாம். நானும் கட்டில் காலில் பழைய பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் மடங்கியது. மனைவிக்கு அந்தச் செய்திகளைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். என் விபத்துக்கு முன்னால் அவள் தினமும் காலையில் மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்வந்தாள். என்னைத் தனியாக விட முடியாது என்று நின்றுவிட்டாள். வேலை போனதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, "பஸ்ல சன்னல் பக்கம் எடம் கெடைக்கும், அதான் ஞாபகம் வருது" என்றாள். நான் அப்போது விண்வெளி நிலையத்துக்கு எத்தனை ஜன்னல் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் அந்த நிலையம் மும்பைக்கு மேலே போகும், கண்ணுக்குத் தெரியும் என்று போன் சொன்னது. வாசலில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் கரை அகல ஆகாயத்தை விடாமல் பார்த்தேன். வந்தது. மினுக்காத ஒரு வெளிச்சம், ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குள் போய்விட்டது. கையைத் தூக்கி ஆட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏணியின் பாதியில் தண்ணீர் கேனோடு நின்ற மனைவி கத்தினாள்:

"மேல என்ன பாக்கிய? கேனப் பிடிங்க, கை அந்துபோவுது!"

பிப்ரவரியில் ஒரு விண்கல் செய்தி வந்தது. 2032இல் பூமியில் விழ நூற்றுக்கு மூன்று வாய்ப்பு, விழக்கூடிய பாதையில் மும்பையும் உண்டு. அண்ணாச்சி கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"மாஸ்டர்! பம்பாய்ல கல்லு விழப்போவுதாம்லா?"

"விழலாம் அண்ணாச்சி. முப்பத்திரண்டுல."

"அதுக்குள்ள நீரு எறங்கிருவீரா?"

எல்லா மிஷினும் நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். சில நாளில், கல் விழாது, கணக்கை இன்னும் சுத்தமாகப் போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊரே தப்பித்தது. நான் அப்படியே இருந்தேன்.

மார்ச்சில் ஒரு காலை, கண் விழித்துப் போனைத் திறந்தால் அவர்கள் வந்துவிட்டார்கள். வீடியோவில், அவர்கள் வந்த கூண்டு பாராசூட்டுகளில் தொங்கி இறங்கி அமெரிக்கக் கடலில் விழுகிறது. சுற்றிலும் டால்பின்கள் வேடிக்கை பார்க்க வருகின்றன. கதவைத் திறந்து ஒவ்வொருவராக வெளியே எடுத்து ஸ்ட்ரெச்சரில் கிடத்துகிறார்கள். அவர்கள் படுத்தபடி சிரித்துக்கொண்டே கை ஆட்டுகிறார்கள். டீயோடு வந்த மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இவ்வோள தூக்கிட்டுல்லா போறாவ. நடக்க மாட்டாவளா?"

"அங்க அம்புட்டு நாள் இருந்துட்டு வந்தா எல்லாரையும் அப்பிடித்தான் எடுப்பாவ."

"எலும்பு ஒடஞ்சிருக்கோ?"

"அதெல்லாம் இல்ல."

"போன வண்டியிலயே வந்தாவளா?"

"அது காலியா முந்தியே வந்துட்டு. இது வேற வண்டி."

அவள் டீயைக் கையில் கொடுத்தாள். அடுப்பை அணைத்தாள். வாசலில் போய் நின்று கீழே பார்த்து, "அண்ணாச்சி, வடத்த எடுங்க. இவ்வோள எறக்கணும்" என்று என்னைக் காட்டினாள்.

சந்தில் கசமுசா கிளம்பியது. எதிர் மாடியில் ஒரு அம்மாள், "ஐயோ, வெளங்குமா?" என்று தலையில் கை வைத்தாள். எனக்கு இறங்க வேண்டும் என்ற ஆசை ஒரேயடியாக வந்துவிட்டது. அண்ணாச்சி மீசையைத் தடவினார். பிறகு சாத்திரத்துக்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்.

"மாஸ்டர், பொணம் பேசாது. நீரு பேசிக்கிட்டே எறங்கும். தரை தொடுத வரைக்கும் வாய மூடப்பிடாது."

அதே பிளாஸ்டிக் நாற்காலி. கட்டினார்கள். வாசலைத் தாண்டிக் கால்கள் வெளியே தொங்கியதும் உடம்பு வியர்த்தது. பேச ஆரம்பித்தேன். கடல் இருக்கிற கிரகம், பனி இருக்கிற பள்ளம், விழாமல் போன கல், எல்லாவற்றையும் சந்துக்கே கேட்கும்படி சொன்னேன். "அப்பிடித்தான்வே, பேசும், பேசும்!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். பாதியில் எனக்குச் செய்தி தீர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். மனைவி வாசலில் குந்தியிருந்து, நாற்காலி சுவரில் இடிக்காமல் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஏணி எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், என் கழிவு வாளி, எல்லாம் அவள் கையில் அந்த ஏணியில்தான் போய்வந்தன.

"ஏட்டி" என்றேன். "ஏட்டி, ஏட்டி" என்று அதையே சொல்லிக்கொண்டு மீதித் தூரமும் இறங்கினேன். தரை தட்டியது. சந்து நாய்கள் வந்து காலை மோந்து பார்த்தன. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீயும் வா ஆஸ்பத்திரிக்கு" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சிகூட போயிட்டு வாங்க. எனக்கு ஒரு சோலி கெடக்கு."

டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, முழங்கால் முழுசாக மடங்காது, தினமும் வந்து பயிற்சி எடுத்தால் நின்று வேலை பார்க்கலாம் என்றார். தினமும் வர வேண்டுமானால் தினமும் இறங்க வேண்டும். இறங்கிக்கொள்ளலாம், பேச விஷயம் இருக்கிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஆட்டோ கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சாயங்காலம் சந்துக்குத் திரும்பினோம். இதை முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்று, சந்து முனையில் ஆட்டோவை விட்டு அண்ணாச்சி தோளைப் பிடித்து நொண்டி வரும்போதே அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தக் கதவைப் பூட்டி நான் பார்த்தே ஒன்பது மாதம் ஆகிறது. எதிர் மாடி அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா அப்பமே மாட்டுங்கா பஸ் ஏறிட்டாவளே. என்ன சோலின்னு கேட்டேன். சோலி ஒண்ணும் இல்ல, சும்மா போயிட்டு வாரேன்னாவ."

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"போட்டு வரச் சொல்லட்டுமா மாஸ்டர்?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "அவ வரும்போது வரட்டும்."

கார்கானா வாசலில் நாற்காலியைப் போடச் சொல்லி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.