சூலியா தெருவில் ஒரு மலை

முதலில் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்ப்பார். அடுத்து பின்சக்கரம். கடைசியாகத்தான் அதை ஓட்டிக்கொண்டு வந்த மனிதப்பிறவியை. அதற்குள் ஹபீப் முகம்மதுவுக்கு எல்லாம் விளங்கிவிடும். கறுப்புச் சேறு என்றால் பாலேக் பூலாவ் வயல்கரை. மணல் என்றால் பத்து பெரிங்கி. சைக்கிள் சுத்தமாக இருந்து, காலில் போட்ட சப்பாத்தில் மட்டும் செம்மண் அப்பியிருந்தால், ஆசாமி சைக்கிளைத் தாவரவியல் பூங்கா வாசலில் பூட்டி வைத்துவிட்டுக் கொடிமலை ஏறி இறங்கியிருக்கிறார்.

"ஏறிட்டியா? மேல பொண்டோக்ல தேத்தண்ணி குடிச்சியா? இஞ்சி போட்டிருந்தானா?"

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சம அளவில் கலந்து, கூடவே இரண்டு கைகளையும் வீசி அவர் கேட்பார். ஜெர்மானியருக்கும் புரியும், ஜப்பானியருக்கும் புரியும். அவர்களும் கைகளாலேயே பதில் சொல்வார்கள். சூலியா தெருவில் அவர் வாடகைக்கு விடுவது முப்பத்திரண்டு சைக்கிள்களை. இலவசமாகக் கொடுப்பது பினாங்குத் தீவு முழுவதையும்.

கடைக்கு முன்னே ஐந்தடி நடைபாதையில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதில் இருபத்தாறு வருடமாக ஹபீப் முகம்மது. நாற்காலி இரண்டு முறை மாறியிருக்கிறது. அவர் மாறவில்லை. கேட்கிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார், இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தே தீர்ப்பு வழங்குவார். எங்கே சாப்பிடுவது, எதை எங்கே வாங்குவது, எந்தப் பாதையில் சைக்கிள் விடுவது, எந்தப் பக்கமாக மலை ஏறுவது. அவருடைய நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்புக்கான சாட்சியங்களை அவர் திரட்டும் விதம் தனி. நாசி கண்டார் என்னும் குழம்புச் சோறு விற்கும் கடைகளில் எது முதல்தரம் என்று அறிய அவர் அங்கே போய்ச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறவனின் மேலுதட்டைப் பார்ப்பார். அங்கே வியர்வை, கண்ணில் லேசாக ஈரம், முகத்தில் யாரையோ மன்னித்துவிட்ட களை, இந்த மூன்றும் இருந்தால் முதல்தரம். "கொழம்பை வெள்ளமா ஊத்தச் சொன்னியா இல்லியா? அதுதான் கணக்கு." இவர் மட்டும் ஒரு மணிக்கு, மேசை அடியில் இருக்கும் அடுக்குச் சட்டியைத் திறந்து, மனைவி ரொஸ்னா ஆக்கிவைத்த சோற்றையும் மீன் ஆணத்தையும் தின்பார். கடைவீதி விவகாரமும் அப்படியே. யார் கையில் எந்தப் பை, அதைத் தூக்கி வருகிறவர் நடையில் பெருமையா வருத்தமா என்பதை வைத்தே, ஜாதிக்காய் ஊறலுக்கு ஒரு கடையையும் கைலிக்கு இன்னொரு கடையையும் நியமித்திருக்கிறார். அந்தக் கடைக்காரர்களுக்கு இப்படி ஒரு பதவி கிடைத்திருப்பது இன்றுவரை தெரியாது.

ஆனாலும் அவருடைய மணிமகுடம் மலைதான். மலையடிவாரத்து வட்டவாசலில் தொடங்கும் படிகள் எத்தனை, எந்தத் திருப்பத்தில் பாம்பு மாதிரி ஒரு வேர் குறுக்கே படுத்திருக்கும், எந்த மூங்கில் புதரில் குரங்கு பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தக் கிளை தேத்தண்ணி பொண்டோக்குக்குப் போகும், எல்லாம் அவர் விரல்நுனியில். பொண்டோக் என்றால் பெரிய மாளிகை இல்லை. தகரக்கூரை போட்ட குடிசை. தொண்டர்கள் அடுப்பு மூட்டி, ஏறி வருகிறவர்களுக்குச் சும்மா தேத்தண்ணி கொடுக்கும் இடம். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. அதனால் ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கீழேயிருந்து தூக்கிப்போய் அங்கே இருக்கும் பெரிய பீப்பாயான தோம்பில் ஊற்ற வேண்டும். எழுதாத சட்டம். "தண்ணி தூக்காம போறவன் மனுசனே இல்ல" என்பார் ஹபீப் முகம்மது, தூக்கித் தூக்கித் தோள் தேய்ந்தவரைப் போல.

அவர் அந்த மலையில் ஒரு நாளும் ஏறியதில்லை.

ஏறினேன் என்று பொய் சொன்னவரும் இல்லை. "நீங்க எத்தனை தடவ ஏறியிருப்பீங்க?" என்று யாராவது கேட்டால், வடமேற்குத் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, "அந்த மலையப் பத்தி என்னத்தச் சொல்றது" என்பார். கேட்டவர் அந்தப் பெருமூச்சிலேயே எண்ணிக்கையைக் கண்டுகொள்வார்.

இதையும் சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தெருவில் மோட்டார் சத்தம் அடங்கி, மழை வரலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஹபீப் முகம்மது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவார். தூங்குகிறார் என்று நினைப்பது தெரியாதவர்களின் பிழை. அவர் படி ஏறிக்கொண்டிருப்பார். வேரைத் தாண்டும்போது வலது பாதம் லேசாக உயரும். மூங்கில் புதர் வரும்போது சட்டைப்பையை ஒரு கை பொத்திக்கொள்ளும். இருபத்தாறு வருடம் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்த பனி, வெயில், பறவைச் சத்தம் எல்லாவற்றையும் கோத்து அவர் கட்டிய மலை அது. அந்த நேரத்தில் யாராவது சைக்கிள் கேட்டு வந்தால், ரொஸ்னா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "அவங்க மலையில இருக்காங்க. மூணு மணிக்குத்தான் இறங்குவாங்க."

இந்தச் சமாதானத்தைக் குலைத்தவர் காமினி. கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். சனிக்கிழமைகளில் பெர்ரிக் கப்பல் பிடித்து வந்து சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார். அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து உடம்பு குறைக்கும் குழு ஒன்று ஆரம்பித்திருந்தார்கள்.

"ஹபீப் அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை கொடிமலை. நாங்க எல்லாரும் மலை ரயில்ல போய்த்தான் பழக்கம், நடந்ததே இல்ல. நீங்கதான் முன்னால நடக்கணும்."

"நானா? கடை இருக்கே தங்கச்சி."

"அக்கா பாத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க."

உள்ளே ரொஸ்னா அவசரமாக எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ணே. அந்த மலைக்கே சொந்தக்காரர் வர்றாருன்னு. கோகிலன்னு ஒருத்தன் இருக்கான், போன் மேப் இருக்கறப்ப ஆள் எதுக்குன்னு கேக்குறான். அவன் வாய அடைக்கணும்லா."

போன் என்ற சொல்லைக் கேட்டதும் ஹபீப் முகம்மதுவின் முதுகு நிமிர்ந்தது. "போனுக்குக் கால் இருக்கா?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தான் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

அந்த வாரம் முழுக்க அவர் மதியத்தில் மலை ஏறவில்லை. கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். சோற்றில் கை வைத்து அளைந்துகொண்டிருந்தவரிடம் ரொஸ்னா கேட்டார்.

"இல்லாததையா சொன்னீங்க? எதுக்கு இந்த மொகம்?"

"அதுக்கில்ல ரொஸ்னா. போய்ப் பாக்கும்போது, நான் சொன்ன மாதிரி அது இல்லைன்னா?"

"இல்லைன்னா தப்பு மலை மேல. போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, தானே பரிந்துரைக்கும் கடையில் முதன்முதலாகத் தானே வாங்கிய சப்பாத்தோடு, கையில் ஐந்து லிட்டர் தண்ணீரோடு, ஹபீப் முகம்மது வட்டவாசலுக்குள் நுழைந்தார். பின்னால் காமினி, கோகிலன், இன்னும் இரண்டு பேர். எல்லோர் கையிலும் தண்ணீர்ப் போத்தல்.

படிகள் சொன்ன கணக்குப்படியே இருந்தன. "இப்ப ஒரு வேர் வரும்" என்றார். வந்தது. கோகிலன் போனைப் பைக்குள் போட்டான். ஹபீப் முகம்மது நின்று அந்த வேரைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பல வருடம் கடிதத்தில் மட்டும் பேசிய ஒருவரை நேரில் கண்ட மாதிரி. யாரும் அவரிடம் சொல்லாத சங்கதிகளும் இருந்தன. ஈர இலைகள் மக்கும் வாசனை. தன் மூச்சு தனக்கே கேட்கும் சத்தம். மரங்களுக்கு இடையே பனி இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது. இத்தனை பேர் போய் வந்தார்களே, ஒருத்தனுக்காவது இதைக் கையால் காட்டத் தெரியவில்லையே என்று அவருக்குக் கோபம் கூட வந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. இடப்பக்கம் இருக்க வேண்டிய மூங்கில் புதர் வலப்பக்கம் நின்றது. குரங்கும் அந்தப் பக்கமே உட்கார்ந்து பிஸ்கட்டை எதிர்பார்த்தது. "வெட்டிட்டு இந்தப் பக்கமா நட்டிருக்கானுங்க" என்று ஹபீப் முகம்மது விளக்கம் கொடுத்தார். குரங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாதை இரண்டாகப் பிரிந்தது. அவர் தயங்கவே இல்லை. இடக்கையை நீட்டினார். நடந்தார்கள். அரை மணி நேரம். பாதை ஒடுங்கி, புல் மூடி, கடைசியில் ஒரு பெரிய பாறையில் போய் முடிந்தது.

"இதுதான் பொண்டோக்காண்ணே?" என்றான் கோகிலன். "கூரையக் காணோமே. கழட்டி அந்தப் பக்கமா நட்டுட்டானுங்களோ?"

"சும்மா இருடா" என்றார் காமினி.

ஹபீப் முகம்மது பாறையில் உட்கார்ந்தார். ஐந்து லிட்டரை மடியில் வைத்துக்கொண்டார். கீழே பனி விலகி, ஓட்டுக் கூரைகளும் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் ஒரு கையகலத்துக்குத் தெரிந்தன. அதற்கப்பால் கடல். கடலில் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் ஒரு பெர்ரி. சூலியா தெரு எங்கே இருக்கும் என்று தேடினார். தினமும் மதியம் அந்த நாற்காலியிலிருந்து இங்கே வருகிறவர், இன்று இங்கேயிருந்து அந்த நாற்காலிக்குப் போனார். அது காலியாக இருந்தது. இனிமேல் அதில் உட்கார்ந்து யாருக்கு எந்த வழியைச் சொல்வது? தன்னை நம்பிப் போனவர்கள் எல்லோரும் இந்தப் பாறையில்தான் வந்து உட்கார்ந்திருந்தார்களா?

"காமினி, நான் இந்த மலை ஏறினதே இல்ல" என்றார். பாறையிடம் சொல்வது போல இருந்தது.

கோகிலன் வாயைத் திறந்தான். காமினி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

திரும்பி, பிரியும் இடத்துக்கே இறங்கி வந்தார்கள். காமினி அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, போய் வந்தவங்க இந்த எடத்த எப்படிக் காட்டுனாங்க?"

"இந்தக் கைப்பக்கமாத்தான். எத்தனை பேர்! ஒருத்தன் கூட மாத்திக் காட்டல." இடக்கையை உயர்த்தினார்.

"அவங்க எங்க நின்னாங்க?"

"மேசைக்கு அந்தப் பக்கம். இப்ப நீ நிக்கிற மாதிரி."

காமினி தன் வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அது ஹபீப் முகம்மதுவின் இடப்பக்கத்தில் வந்து நின்றது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருட மலை அவருக்குள் மெதுவாக, ஒரு கல் கூடச் சிந்தாமல், மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

"அப்ப இவ்வளவு நாளா இவரு அனுப்புன ஆளுங்க எல்லாம்?" என்றான் கோகிலன்.

"ஒழுங்காத்தான் போயிருப்பாங்க. இவரு இடக்கையக் காட்டுனா, எதிர்ல நிக்கிறவங்களுக்கு அது வலப்பக்கம்லா" என்றார் காமினி.

ஆக, வரும்போது ஒருமுறை புரண்ட மலை, போகும்போது இன்னொருமுறை புரண்டு நேராகிவிட்டிருக்கிறது. ஒரு வெளிநாட்டுக்காரர் கூட வழி தவறவில்லை. அவர் சொல் கேட்டு வழி தவறிய முதல் ஆள் அவர்தான்.

வலப்பக்கப் பாதையில் பதினைந்தாவது நிமிடம் தகரக்கூரை தெரிந்தது. ஹபீப் முகம்மது நேரே தோம்புக்குப் போய், ஐந்து லிட்டரையும் ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றினார். தேத்தண்ணி வந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதினார்.

"சொல்லுங்கண்ணே, முதல்தரமா ரெண்டாந்தரமா?" என்று கேட்டான் கோகிலன். இந்த முறை குரலில் கேலி குறைவு.

ஹபீப் முகம்மது ஒரு மடக்கு குடித்தார். தீர்ப்பு வரவில்லை.

"இஞ்சி போட்டிருக்கான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கொரியாக்காரப் பெண் ஒருத்தி மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, மலை மாதிரி கையைக் குவித்துக் காட்டி, எப்படிப் போவது என்று புருவத்தால் கேட்டாள். ஹபீப் முகம்மது தொடங்கினார். வட்டவாசல், படிகள், வேர். பாதை பிரியும் இடம் வந்ததும் பழைய வழக்கப்படி இடக்கை உயர்ந்தது. உயர்ந்தது பாதியில் நின்றது. கையை இறக்கினார். வலக்கையைத் தூக்கினார். அதையும் இறக்கினார். உள்ளேயிருந்து ரொஸ்னா எட்டிப் பார்த்தார்.

ஹபீப் முகம்மது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அவளுக்குத் தோளோடு தோளாக நின்று, அவள் பார்க்கும் திசையையே தானும் பார்த்து, வலக்கையை நீட்டினார்.